மெட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்: பழைய அமெரிக்காவின் பாட்டையும் ஆட்டத்தையும் ஆராய விரும்பும் மாணவிக்கு

இசை வரலாறு படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "அமெரிக்கா பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த காலத்திலும் விடுதலைக்குப் பிந்தைய முதல் சில பத்தாண்டுகளிலும் மக்கள் தேவாலயத்துக்கு வெளியே எதைப் பாடினார்கள், எந்த இசைக்கு ஆடினார்கள் என்று ஆராய நினைக்கிறேன். துதிப்பாடல்களைப் பற்றி நிறையக் கிடைக்கிறது. மற்றதைத் தேடினால் எல்லாம் துண்டு துண்டாகவே வருகிறது. எங்கே தொடங்குவது?"

துண்டு துண்டாகத்தான் வரும். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். தேவாலய இசைக்கு அச்சிட்ட தொகுப்புகள் இருந்தன, அவற்றைப் பேணிக் காக்கச் சபைகள் இருந்தன. ஆட்டத்துக்கு வாசித்த மெட்டு ஃபிடில் வாசித்தவரின் விரல்களில் இருந்தது, அவரோடு போய்விட்டது. நமக்கு எஞ்சியிருப்பவை படைவீரர் ஒருவர் மெட்டுகளை எழுதிவைத்த நோட்டு, நடன ஆசிரியர் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம், இறந்துபோனவரின் சொத்துப் பட்டியல், யாரோ ஒருவரின் நாட்குறிப்பில் நான்கு வரி. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழை தலைப்பும் இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை. மெட்டுதான் அந்த இழை. இந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் இன்றும் எல்லோரும் அறிந்த "யாங்கி டூடில்" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1767இல் "த டிஸப்பாயின்ட்மென்ட்" என்ற நகைச்சுவை இசைநாடகத்தின் உரை அச்சானது. அதில் ஒரு பாட்டை இந்த மெட்டில் பாடவேண்டும் என்று குறிப்பு இருக்கிறது, சுரங்கள் இல்லை. மெட்டின் பெயரைச் சொன்னாலே போதும் என்ற அளவுக்கு அது அப்போதே பரவியிருந்தது. ஆனால் அதைச் சுரங்களோடு அச்சில் பார்க்க 1782 வரை காத்திருக்கவேண்டும். அதுவும் அமெரிக்காவில் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் எய்ர்ட் வெளியிட்ட தொகுப்பில். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில், கனெக்டிகட்டின் எலிங்டன் என்ற ஊரில் ஜைல்ஸ் கிப்ஸ் என்ற இளைஞர் 1777இல் ஃபைஃப் எனப்படும் சிறு குழலுக்காக மெட்டுகளை எழுதிவைத்தார். அந்த நோட்டில் இதே மெட்டு இருக்கிறது. ஆனால் தலைப்பு "தெஹோஸ் ஜென்டர்". தலைப்பை வைத்துத் தேடுகிறவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். வாசித்துப் பார்ப்பவர் நின்றுவிடுவார்.

எல்லா நோட்டுகளையும் ஒருவரே வாசித்துப் பார்ப்பது நடக்காது. அதற்காகவே ஓர் அட்டவணை இருக்கிறது. கேட் வான் விங்கிள் கெல்லரும் கரோலின் ராப்சனும் 1980இல் 18ஆம் நூற்றாண்டின் சமயம் சாராத மெட்டுகளுக்கு அட்டவணை தயாரித்து மைக்ரோஃபிஷ் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம் தாள்) வடிவில் வெளியிட்டார்கள். பின்னர் ராபர்ட் கெல்லர், ரவுல் கேமஸ், சூசன் சிஃபால்டி ஆகியோரும் கேட் கெல்லரோடு சேர்ந்து அந்த முயற்சியை விரிவாக்கினார்கள். 1589 முதல் 1839 வரையிலான அமெரிக்க மூலங்களையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஐரோப்பிய மூலங்களையும் அடக்கிய பெரிய அட்டவணை 2002இல் இணையத்திலேயே வெளியானது. ஒரு தலைமுறை உழைத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்த சொத்து அது. உங்கள் முதல் மாதத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

அது வேலை செய்யும் விதம் கர்நாடக இசை கற்ற எவருக்கும் உடனே பிடிபடும். ஷட்ஜத்தை 1, ரிஷபத்தை 2, காந்தாரத்தை 3 என்று வைத்துக்கொண்டு மெட்டின் தொடக்கச் சுரங்களை எண்களாக எழுதுகிறார்கள். இன்று பாடப்படும் யாங்கி டூடிலின் முதல் அடி ஸ ஸ ரி க ஸ க ரி. எண்களில் 1 1 2 3 1 3 2. அட்டவணை இந்த எண் வரிசைப்படி ஒரு முறை அடுக்கப்பட்டிருக்கிறது. தாளத்தின் அழுத்தம் விழும் சுரங்களை மட்டும் எடுத்து (இங்கே 1 2 1 2) இன்னொரு முறை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்ற கணக்கில் மூன்றாவது முறை. இரண்டாவது வரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். ஊருக்கு ஊர் ஃபிடில்காரர்கள் இடைச் சுரங்களைச் சேர்ப்பார்கள், குறைப்பார்கள். அழுத்தச் சுரங்களில் அதிகம் கை வைக்கமாட்டார்கள். ஒரே மெட்டின் இரண்டு வடிவங்கள் முதல் வரிசையில் எங்கெங்கோ கிடக்கும், இரண்டாவதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஆதார சுருதி எது என்றே சந்தேகம் வரும் மெட்டுகளுக்கு மூன்றாவது வரிசை.

இப்படித் தேடும்போது ஒன்றைப் பார்ப்பீர்கள்: நீங்கள் அமெரிக்க மெட்டு என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ போய் நிற்கும். தேசிய கீதமே அப்படித்தான். பிரான்சிஸ் ஸ்காட் கீ 1814 செப்டம்பரில் எழுதிய வரிகள், லண்டனின் அனாக்ரியான்டிக் சங்கம் என்ற இசை ஆர்வலர் மன்றத்துக்காக ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் அமைத்த மெட்டில் உட்கார்ந்தன. அதற்கும் முன்பே 1798இல் "ஆடம்ஸ் அண்ட் லிபர்ட்டி" என்ற அரசியல் பாட்டு அதே மெட்டில் வந்து பரவிவிட்டது; ஆகவே 1814இல் பாடியவர்களுக்கு மெட்டு புதிதே இல்லை. இதனால் "அசலான அமெரிக்க மெட்டு எது" என்ற கேள்வியை ஒத்திவையுங்கள். இந்த மெட்டை இந்த ஊரில் இந்த ஆண்டில் யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் சான்றுகள் பதில் சொல்லும்.

இந்த மெட்டுகளின் பயணம் நம் ஊரையும் தொட்டிருக்கிறது. அமெரிக்காவில், பிரிட்டிஷ் தேசிய கீதமான "காட் சேவ் த கிங்" மெட்டுக்குச் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் 1831இல் நாட்டுப்பற்று வரிகளை எழுதினார். அதே மெட்டைச் சென்னைப் பக்கம் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் "சந்ததம் பாஹிமாம்" என்ற நோட்டுஸ்வர சாகித்யமாக்கினார் (மேலைநாட்டு மெட்டுகளுக்கு எழுதிய சாகித்யங்களுக்கு அந்தப் பெயர்). பிரிட்டிஷ் பேண்ட் வாத்தியக்காரர்கள் போன இடமெல்லாம் ஒரே மெட்டுக் கட்டு போனது. நோட்டுஸ்வரங்களின் மூலங்களைத் தேடுகிறவர்களும் இந்த அட்டவணையை ஒரு முறை திறந்து பார்க்கலாம்.

நூல்களில் நீங்கள் முதலில் கையில் எடுக்கவேண்டியவை ஆஸ்கர் சோனெக் எழுதியவை. அவர் 1902 முதல் 1917 வரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இசைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1905இல் அவர் வெளியிட்ட சமயம் சாராத பழைய அமெரிக்க இசையின் நூற்பட்டியல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். அதை வில்லியம் ட்ரீட் அப்டன் 1945இல் திருத்தி விரிவாக்கினார். சோனெக் நிற்கும் 1800இலிருந்து தொடங்கி ரிச்சர்ட் வுல்ஃப் 1825 வரை மூன்று தொகுதிகளில் கொண்டுபோனார்; அது 1964இல் வந்தது. சோனெக்கின் தனிச் சிறப்பு அவருடைய எச்சரிக்கை. தேசியப் பாடல்களைப் பற்றி 1909இல் அவர் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். ஒவ்வொரு கதையையும் எடுத்து, இதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று விடாமல் கேட்டிருப்பார்.

அந்தக் கேள்விகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு யார்க்டவுன் கதை சரியான உதாரணம். அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது அவர்களுடைய வாத்தியக்காரர்கள் "உலகம் தலைகீழானது" என்ற மெட்டை வாசித்தார்கள் என்று பாடப்புத்தகங்கள் வரை எழுதுகிறார்கள். சரணடைந்தவர்கள் பிரிட்டிஷ் அல்லது ஜெர்மானிய அணிநடை இசைக்கு முரசு கொட்டி வெளியேறவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த மெட்டு என்று அதில் இல்லை. அந்தப் பெயர் அச்சில் தலைகாட்டுவது 1828இல், அலெக்சாண்டர் கார்டன் தொகுத்த புரட்சிக்காலத் துணுக்குகளில். சம்பவம் நடந்து 47 ஆண்டுகள் கழித்து. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் இருந்திருக்கின்றன என்பதால், கதையை நம்பினாலும் எதை வாசித்தார்கள் என்று நாம் பாடிக்காட்ட முடியாது. அழகான கதைதான். ஆனால் உங்கள் ஆய்வேட்டில் அது 1828இன் சான்றாக வரலாம், 1781இன் சான்றாக வரக்கூடாது. ஜார்ஜ் வாஷிங்டன் புல்லாங்குழல் வாசித்தார் என்ற பேச்சும் இதே வகை. தமக்குப் பாடவும் தெரியாது, எந்த வாத்தியத்திலும் ஒரு சுரம்கூட எழுப்பத் தெரியாது என்று அவரே 1789இல் பாடல் இயற்றிய நண்பர் பிரான்சிஸ் ஹாப்கின்சனுக்கு எழுதியிருக்கிறார். ஆனால் அவர் ஆடுவார். 1779 மார்ச்சில் படைத்தலைவர் நத்தானியல் கிரீன் எழுதிய கடிதத்தில், தம் மனைவியும் வாஷிங்டனும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு முறைகூட உட்காராமல் ஆடினார்கள் என்று இருக்கிறது. நடந்த சில நாட்களில் எழுதிய கடிதம். இப்படிப்பட்ட சான்றைத் தேடுங்கள்.

பத்திரிகைகளுக்கு வருவோம். 1731 டிசம்பரில் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் பெல்ஹம் என்பவரின் பெரிய அறையில் கச்சேரி நடக்கும் என்று விளம்பரம் வந்தது. குடியேற்றங்களில் நமக்குத் தெரிந்த முதல் பொதுக் கச்சேரி விளம்பரம் என்று அதைக் கொள்கிறார்கள். 1735 பிப்ரவரியில் சார்ல்ஸ்டனில் "ஃப்ளோரா" என்ற இசைநாடகம் நடந்ததும் பத்திரிகை விளம்பரத்தால்தான் தெரிகிறது. 1690 முதல் 1783 வரையிலான பத்திரிகைகளில் இசை, நாடகம், நடனம் பற்றிய குறிப்புகளைத் திரட்டிய தரவுத்தளம் ஒன்றும் கெல்லர் இணையர், மேரி ஜேன் கோரி ஆகியோரின் உழைப்பில் 1997இல் வந்திருக்கிறது. நீங்களாகத் தேடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தக் கால அச்சில் ஆங்கில 'எஸ்' எழுத்து சொல்லின் நடுவிலும் தொடக்கத்திலும் 'எஃப்' போன்ற நீண்ட வடிவில் இருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே வாசிக்கும். ஆகவே 'மியூசிக்' என்று தேடிய பிறகு 'மியூஃபிக்' என்றும் தேடுங்கள். 'சாங்' கிடைக்காத இடத்தில் 'ஃபாங்' கிடைக்கும். இன்னொன்று, 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. நான் மேலே சொன்ன 1735 பிப்ரவரி, அன்றைய கணக்கில் 1734. இதைக் கவனிக்காமல் ஒரே நிகழ்ச்சியை இரண்டு நிகழ்ச்சிகளாக எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

தனியாக வந்த இசைத் தாள்களின் தேதி வேறு வகைச் சிக்கல். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அவற்றில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. 1790இன் பதிப்புரிமைச் சட்டம் இசையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, 1831இல்தான் அது சேர்ந்தது. ஆகவே பதிவேடுகளும் அதிகம் உதவாது. சோனெக்கும் வுல்ஃபும் கையாண்ட வழி எளிமையானது: தாளில் இருக்கும் கடை முகவரியை நகர முகவரிக் கையேடுகளோடு ஒப்பிடுவது. ஃபிலடெல்பியாவில் 1793இல் பெஞ்சமின் கார் இசைக்கடை திறந்தார், அடுத்த ஆண்டு அவருடைய தந்தை ஜோசப் கார் பால்டிமோரில் திறந்தார். கடை எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று தெரிந்தால் தாளின் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அச்சுப் பிழையும் உதவும். பால்டிமோர் கார் கடை 1814இல் வெளியிட்ட தேசிய கீதத்தின் முதல் பதிப்பில் 'பேட்ரியாட்டிக்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். அசல் பதிப்பை அதை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி தொகுப்பில் இத்தகைய தாள்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன.

ஏழை மக்கள் வாங்கியது இசைத் தாளை இல்லை, ஒற்றைத் தாளில் அச்சான பாட்டை. நம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் போலவே மட்டமான காகிதம், தெருவில் விற்பனை, கொலை முதல் கப்பல் சண்டை வரை எல்லாப் பொருளும், தலைப்புக்குக் கீழே இன்ன மெட்டு என்று ஒரு வரி. அச்சகரும் வரலாற்று ஆர்வலருமான ஐசையா தாமஸ், பாஸ்டனில் அப்போது விற்ற பாட்டுத் தாள்களை முந்நூறுக்கு மேல் வாங்கி, மூன்று தொகுதிகளாகக் கட்டி, தாம் நிறுவிய அமெரிக்கத் தொல்பொருள் சங்கத்துக்கு 1814இல் கொடுத்தார். வூஸ்டர் நகரில் இருக்கும் அந்தச் சங்கம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. பாமர மக்களின் பாட்டு என்று ஒதுக்காமல், ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் விற்றவற்றை அப்படியே திரட்டிவைத்தாரே, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆட்டத்துக்கு வருகிறேன். நியூ இங்கிலாந்தில் குடியேறிய கடும் ஒழுக்கக் கிறித்தவர்களான பியூரிட்டன்கள் ஆட்டத்தையே வெறுத்தார்கள் என்ற பொதுக் கருத்தோடு தொடங்காதீர்கள். அவர்களுடைய போதகர் இன்கிரீஸ் மாதர் 1684இல் பாஸ்டனில் எழுதிய கண்டன நூல் முக்கியமாக ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதைத்தான் சாடுகிறது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் ஸ்டெப்னி என்ற நடன ஆசிரியர் அதே நகரில் பள்ளி நடத்த முயன்று நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டார் என்பது பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவலின் நாட்குறிப்பில் இருக்கிறது. கற்க ஆள் இல்லாத ஊருக்கு நடன ஆசிரியர் வரமாட்டார்.

கன்ட்ரி டான்ஸ் என்னும் வரிசை நடனத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமும் நிற்பார்கள். முதல் ஜோடி ஒரு கோலத்தை ஆடி முடித்து ஓரிடம் கீழே இறங்கும், மறுபடியும் ஆடும். லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் 1651இல் வெளியிட்ட தொகுப்புதான் இதற்கு மூத்த அச்சு நூல். அது பல பதிப்புகள் கண்டு அடுத்த நூற்றாண்டு வரை ஓடியது. அமெரிக்காவில் அச்சான முதல் நடன நூல் 1788இல் பிராவிடென்ஸ் நகரில் வந்தது. அதை எழுதிய ஜான் கிரிஃபித்ஸ் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்த ஆசிரியர். அதில் நடனக் கோலங்கள் சொற்களில் இருக்கின்றன, மெட்டுகள் இல்லை. ஃபைஃப் நோட்டுகளில் மெட்டுகள் இருக்கின்றன, கோலங்கள் இல்லை. இரண்டையும் சேர்ப்பது உங்கள் வேலை. தலைப்பு ஒத்திருந்தால் மட்டும் போதாது: ஒரே தலைப்பில் வெவ்வேறு கோலங்களும், ஒரே கோலத்துக்கு வெவ்வேறு மெட்டுகளும் புழங்கின. நூல்கள் வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருநூறுக்கு மேற்பட்ட சமூக நடனக் கையேடுகள் கிடைக்கும்.

இந்தத் துறையின் ஆழமான பகுதியை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். குறிப்பாகத் தெற்குப் பகுதிகளில் சீமான்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பல நேரங்களில் ஃபிடில் வாசித்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். அவர்கள் கைப்பட எழுதிவைத்த இசை நோட்டுகளை நாம் எதிர்பார்க்க முடியாது. அவர்களைப் பற்றிய சான்று அவர்களை அடக்கியவர்களின் ஆவணங்களில்தான் இருக்கிறது. தப்பியோடியவரைப் பிடித்துத் தரச் சொல்லும் பத்திரிகை விளம்பரங்களைப் படியுங்கள்: உயரம், தழும்பு, உடுத்தியிருந்த துணி என்று அடுக்கிக்கொண்டு போய், நன்றாக ஃபிடில் வாசிப்பான் என்று முடியும். சில விளம்பரங்களில், போகும்போது ஃபிடிலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று இருக்கும். தப்பி ஓடும் மனிதன் எதைச் சுமந்துகொண்டு ஓடினான் என்பதைப் பாருங்கள். அவனை மீண்டும் பிடிப்பதற்காக எழுதிய வரி, அவன் இசைக்கலைஞன் என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சியமாக இருக்கலாம். தெற்குக் கரோலினாவில் 1739இல் நடந்த அடிமைகளின் ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அந்தச் சட்டமும் இசை வரலாற்று ஆவணம்தான்.

வெர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டரின் நோமினி ஹால் மாளிகையில் ஆசிரியராக இருந்த ஃபிலிப் விக்கர்ஸ் ஃபித்தியனின் நாட்குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். 1774 ஜனவரியின் கடைசியில் ஒரு மாலை, பள்ளி அறையில் கறுப்பினத்தவர் கூடி ஃபிடில் வாசித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்ட்டரின் மகன் பென்னும் உறவுப் பையன் ஹாரியும் அவர்களோடு இருந்தார்கள். ஹாரி மேலங்கியைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஃபித்தியன் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். சில நாள் கழித்து மறுபடியும் அதே அறை, அதே பையன்கள், இந்த முறை பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம். 1775 ஜனவரியில் வெர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் ஒரு விருந்து நடனத்தைப் பார்த்த ஆங்கிலேயர் நிக்கோலஸ் கிரெஸ்வெல், வரிசை நடனங்களுக்கு நடுவே கறுப்பினத்தவரின் மெட்டுக்கு ஜோடி ஜோடியாக முடிவில்லாமல் ஜிக் என்னும் துள்ளல் ஆட்டம் ஆடினார்கள் என்று எழுதுகிறார். மாளிகைக் கூடத்துக்குள் எந்த இசை எப்படி நுழைந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சியங்கள் அபூர்வம். நான் முன்னே சொன்ன எய்ர்டின் தொகுப்பிலேயே கறுப்பினத்தவரின் ஜிக் என்று பெயரிட்டு "பாம்பி ரான் அவே" என்ற மெட்டு இருக்கிறது. பாம்பி என்பது அடிமைகளுக்கு எஜமானர்கள் வைத்த பெயர்களில் ஒன்று. தலைப்பு சொல்வது அவன் ஓடிப்போன செய்தி. அதை எழுதிக்கொண்டவர் எவ்வளவு சரியாகக் கேட்டார் என்பது தனிக் கேள்வி, ஆனால் மெட்டு கையில் இருக்கிறது. "பழைய பண்ணை" என்று அழைக்கப்படும், ஜான் ரோஸ் வரைந்ததாகக் கருதப்படும் நீர்வண்ண ஓவியத்தையும் பாருங்கள். 1785 முதல் 1790க்குள் தெற்குக் கரோலினாவில் வரைந்தது. சுரைக்குடுக்கை பாஞ்சோவின் மூன்று நீண்ட நரம்புகளையும் ஒரு குட்டை நரம்பையும் எண்ணிப் பார்க்கலாம். இந்தப் பகுதிக்கு ஐலீன் சதர்ன் 1971இலும் டீனா எப்ஸ்டீன் 1977இலும் எழுதிய நூல்கள் இன்றும் இன்றியமையாதவை. எப்ஸ்டீன் நூலகராகப் பணியாற்றியவர். ஒவ்வொரு கூற்றையும் அதன் முதல் ஆவணம் வரை துரத்தியவர்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு நாடு முழுவதையும் எடுக்காதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள். கிப்ஸின் ஃபைஃப் நோட்டு நல்ல தேர்வு: மூலம் ஹார்ட்ஃபோர்டில், முன்பு கனெக்டிகட் வரலாற்றுச் சங்கம் என்று இருந்து 2023இல் பெயர் மாறிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, கேட் கெல்லர் 1974இல் அதைப் பதிப்பித்திருக்கிறார். ஒவ்வொரு மெட்டையும் எண்களாக்கி அட்டவணையில் தேடுங்கள். அதற்கு முன் எங்கே இருந்தது, பின் எங்கே போனது, வேறு என்ன பெயர்கள், யாராவது அதற்குக் கோலம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கோலம் கிடைத்தால் எட்டுப் பேரைச் சேர்த்து ஆடிப் பாருங்கள். எட்டெட்டு அளவாக (அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் 'பார்') இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரு முறை, ஆக 32 அளவுகளுக்குள் முதல் ஜோடி ஓரிடம் இறங்கி நிற்கவேண்டும். இறங்காவிட்டால் கோலத்தைப் படித்ததிலோ மெட்டைச் சேர்த்ததிலோ பிழை இருக்கிறது. உட்கார்ந்து இன்னொரு முறை படியுங்கள்.